எறும்பு கடிச்ச மாதிரி

ஜூன் 2
மலை முகாம்

டூல் ரூம் மேடத்துக்கு,

நலம், நலமறிய ஆவல்னு ஆரம்பிச்சா கோபமா இருக்கேன்னு கண்டுபிடிச்சுடுவே. அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். எங்க மெஷின் எங்கே?

பதினோரு நாள் ஆச்சு. அழுத்தம் ஏறலை, எண்ணெய் கசியுதுன்னு சீட்டு எழுதிக் கட்டி அனுப்பினோம். போனது போனதுதான். மலைமேல பதினாலு காற்றாலை நிக்குது. ஒவ்வொண்ணோட காலடியிலயும் மணிக்கட்டு தடிமன்ல கேபிள் வாயைப் பிளந்துக்கிட்டுக் கிடக்கு. அதோட முனைக்குச் செம்பு லக் மாட்டி நெரிக்கறதுக்கு எங்க கிட்ட இருந்தது அந்த ஒரே ஒரு கரண்ட் கிரிம்பிங் மெஷின்தான். பழைய கைப்பம்பு ஒண்ணு கிடக்கு. அதை அமுக்கி அமுக்கி ஒரு லக் அடிக்கறதுக்குள்ள தோள்பட்டை கழண்டு கையில வந்துடும். நேத்து நாலு அடிச்சேன். ராத்திரி புரண்டு படுக்க முடியலை.

சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் என்ன சொன்னாரு தெரியுமா? "உன் வீட்டம்மா கையில சிவப்பு அட்டை இருக்கற வரைக்கும் இந்த மலையில காத்து மட்டும்தான் சுத்தும்" அப்படீன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. மெஸ்காரர் கூட கரண்டியைக் கீழே வச்சுட்டுச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றது?

சந்தேகம்னா சிவப்பு அட்டை கட்டு, உபயோகிக்காதேன்னு எழுது, அது உன் வேலை, ஒத்துக்கறேன். ஆனா ஒவ்வொரு தடவையும் என் மெஷின்லயே சந்தேகம் வருதே, அது எப்படி? நான் கிளம்பற அன்னிக்கு வாசல்ல நின்னு, "உங்களுக்கு அழுத்தத்தான் தெரியும், மெஷினைப் பத்தி என்ன தெரியும்"னு கேட்டே. அது இன்னும் காதுல இருக்கு. சரி, அழுத்தத் தெரிஞ்சவன் கேக்கறேன். அழுத்தறதுக்கு மெஷினைக் குடு.

சிக்னல் இங்க மேகத்துக்கு மட்டும்தான் கிடைக்குது. லாரிக்காரர் கிட்ட இதைக் குடுக்கறேன். மூணு நாள்ல உன் கைக்கு வரும். அடுத்த லாரியில மெஷின் வரலைன்னா நானே இறங்கி வந்து உன் டூல் ரூம் வாசல்ல உக்காந்துடுவேன். ஒரு வகையில அதுவும் நல்லதுதான், பாப்பாவைப் பாத்த மாதிரி இருக்கும்.

அவளுக்கு முன்பல் ஆடுதுன்னு சொன்னியே, விழுந்துச்சா?

— அழுத்தத் தெரிஞ்சவன்


ஜூன் 6

பாப்பாவோட அப்பாவுக்கு,

மெஷின் இந்த லாரியிலேயே வருது. வாசல்ல வந்து உக்கார வேண்டாம்.

அன்னிக்கு வாசல்ல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நீங்க போற கோபம் எனக்கு. நாலு மாசம்னு சொன்னீங்க, அது ஆறு ஆச்சு. அதை மெஷின் மேல போட்டுப் பேசிட்டேன்.

கப்ளிங்ல சீல் நைஞ்சு போயிருந்தது, மாத்திட்டேன். ரிலீஸ் வால்வுல செம்புப் பொடி அடைச்சிருந்தது. அதனாலதான் பட்டனை விட்டப்புறமும் நெரிக்கற தலை திறக்காம முரண்டு பிடிச்சிருக்கு. எண்ணெய் முழுசா வடிச்சுப் புதுசு ஊத்தியிருக்கேன். பெஞ்சுல வச்சு இருபது லக் அடிச்சுப் பாத்தேன், அளவு சரியா இருக்கு. ஸ்டோர் மேனேஜர் நேத்து மட்டும் மூணு தடவை வந்து என் தலைக்கு மேல நின்னாரு. உங்க சூப்பர்வைசர் அடிவார ஆபீஸ்ல இருந்து தினம் போன் பண்றாராம்.

எழுதினா சிரிப்பீங்க, பரவாயில்லை, எழுதறேன். லக் அளவுக்கு டை அச்சை மாத்தும்போது சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது, பிளக்கையே புடுங்கிடுங்க. ரிமோட் பட்டன் கால்ல மிதிபட்டாலே மெஷின் ஓடும், அதுக்கு உங்க விரல் எது, லக் எதுன்னு தெரியாது. தலையை மூடினதும் பின்னு கடைசி வரைக்கும் உள்ளே போச்சான்னு கண்ணால பாருங்க, சத்தத்தை நம்பாதீங்க. முக்கால்வாசி போன பின்னோட அழுத்தினா தலை தெறிக்கும். ஒருத்தர் லக்கைப் பிடிக்க ஒருத்தர் பட்டன் அழுத்தற வேலையே வேண்டாம். பிடிக்கறவர் கையிலதான் பட்டனும் இருக்கணும். டை நம்பரும் லக் நம்பரும் ஒண்ணா இருக்கணும். டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்துங்க, பாதியில விட்டா கேபிள் உள்ளே தளர்ந்து நிக்கும், பின்னால சூடாகும். வேலை முடிஞ்சதும் துடைச்சுப் பெட்டியில வைங்க. மழையில விடாதீங்க.

நேத்து பாப்பா கேட்டா, அப்பா மலையில என்ன பண்றாருன்னு. கேபிளோட வாலுக்குச் செம்புத் தொப்பி போட்டு, அது கழண்டு போகாம நறுக்குன்னு நெரிக்கறாருன்னு சொன்னேன். அவளோட குளிர்த் தொப்பியைத் தலையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடிட்டா. பல் இன்னும் விழலை. நாக்கால தள்ளித் தள்ளிப் பாத்துக்கிட்டே இருக்கா.

சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீங்க.

— டூல் ரூம்


ஜூன் 10
மலை முகாம்

மேடம்,

மெஷின் நேத்து சாயங்காலம் வந்துச்சு. உண்மையைச் சொல்லணும், அருமையா ஓடுது. தலை திறக்கற வேகத்தைப் பாத்து சூப்பர்வைசரே புருவத்தைத் தூக்கினாரு. "வீட்டம்மா கை வச்சதா" அப்படீன்னாரு. ஆமான்னு சொன்னேன். கொஞ்சம் பெருமையாத்தான் சொன்னேன், நீ ரொம்பப் பூரிச்சுப் போயிடாதே.

உன் லெட்டரை மெஷின் பெட்டி மூடியில ஒட்டிட்டேன். பாப்பா சமாச்சாரம் இருக்கற பக்கத்தை உள்பக்கமா மடிச்சுத்தான் ஒட்டினேன், பயப்படாதே. பிளக்கைப் புடுங்கித்தான் டை மாத்தறேன். பின்னைக் கண்ணால பாத்துத்தான் அழுத்தறேன். கூட வேலை செய்யற நெட்டையன் லக்கைப் பிடிக்க வந்தான், "மேடம் உத்தரவு இல்லை"ன்னு விரட்டிட்டேன். இன்னிக்கு ஒரே நாள்ல இருபத்தாறு லக்.

ஒண்ணு மட்டும். மத்தியானம் திடீர்னு அழுத்தம் இறங்குச்சு. பாத்தா பம்புல இருந்து தலைக்குப் போற ஹோஸ்ல நடுவுல ஈரம். எங்கே கசியுதுன்னு கண்ணுக்குத் தெரியலை. மெஷினை ஓட விட்டு, வலது கை ஆள்காட்டி விரலை ஹோஸ் மேல மெதுவா ஓட்டிப் பாத்தேன். ஒரு இடத்துல எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குன்னுச்சு. கையை எடுத்துப் பாத்தா விரல் அடியில ஒரு சின்னப் புள்ளி. ஊசி குத்தின மாதிரி. ரத்தம் கூட வரலை. கசியற இடம் தெரிஞ்சு போச்சா, துடைச்சுட்டு டேப்பை நாலு சுத்து சுத்தி, இன்னும் எட்டு லக் அடிச்சு முடிச்சேன்.

இப்ப விரல் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கு. பேனா வழுக்குது, அதான் எழுத்து கோணலா இருக்கு. பாப்பா எழுத்தே இதைவிட நல்லா இருக்கும்னு சொல்லாதே. அடுத்த லாரியில ஒரு புது ஹோஸ் அனுப்பி வை. அவசரம் இல்லை, டேப் தாங்குது.

அன்னிக்கு லெட்டர்ல கொஞ்சம் காரமா எழுதிட்டேன். மனசுல வச்சுக்காதே.

— நான்தான்


ஜூன் 12
மலை முகாம்

இதை எழுதறது மெஸ்காரர். நான் சொல்லச் சொல்ல எழுதறாரு. கை கொஞ்சம் வீங்கியிருக்கு, பேனா பிடிக்க வரலை. அவ்வளவுதான். பயப்பட ஒண்ணும் இல்லை.

நேத்து விடியக்காலையில வலி ஆரம்பிச்சுது. ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்னு சூப்பர்வைசர் மாத்திரை குடுத்தாரு. சுடுதண்ணியில கையை வைக்கச் சொன்னாரு, வச்சேன். வச்சதும் வலி கூடிப் போச்சு. நேத்துல இருந்து விடாம மழை. ரெண்டாவது வளைவுல ரோடு சரிஞ்சு கிடக்குதாம், லாரி மேலே வர முடியலை. ஒயர்லெஸ்ஸும் பேசலை. நெட்டையன் நடந்து கீழே போய்த் தகவல் சொல்றேன்னு கிளம்பியிருக்கான், அவன் கையிலதான் இந்த லெட்டரையும் குடுக்கறேன்.

ஹோஸ் அனுப்பினியா? அனுப்பலைன்னாலும் பரவாயில்லை. மழையில வேலை நிக்குது.

பாப்பா கிட்ட எதுவும் சொல்லாதே. எனக்கு ஒண்ணும் இல்லை. நீ இதைப் படிக்கறதுக்குள்ள சரியாயிடும்.

தங்கச்சி, அவரு சொல்றதை மட்டும்தான் எழுதணும்னு சொன்னாரு. இப்ப அவரு கண்ணை மூடியிருக்காரு, அதனால நான் எழுதறேன். விரல் கறுத்துப் போயிருக்கு. உள்ளங்கை வெடிக்கற மாதிரி இருக்கு. ராத்திரி முழுக்க உங்க பேரைச் சொல்லி ஏதோ பேசிக்கிட்டே இருந்தாரு. எனக்குச் சமைக்கத்தான் தெரியும். என்ன பண்றதுன்னு தெரியலை.


ஜூன் 13

இந்த லெட்டர் கையில கிடைச்ச உடனே கீழே இறங்குங்க. மிச்சத்தை வழியில படிச்சுக்கலாம். நடந்தாவது இறங்குங்க, யாராவது தூக்கிக்கிட்டாவது இறக்கட்டும்.

உங்க பத்தாம் தேதி லெட்டர் இப்பத்தான் வந்துச்சு. அது எறும்பு இல்லைங்க. எண்ணெய். அந்த ஹோஸுக்குள்ள எண்ணெய் எவ்வளவு அழுத்தத்துல ஓடுதுன்னு உங்களுக்கே தெரியும், செம்பையே களிமண்ணா நெரிக்குது. அது ஊசி முனை அளவு ஓட்டையில வெளியே வந்தா கண்ணுக்குத் தெரியாது. தோலைக் குத்திக்கிட்டு உள்ளே போய் விரல் முழுக்கப் பரவிடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். வலிக்காது, ரத்தம் வராது. உள்ளே அழுக ஆரம்பிச்சுடும். பயிற்சி வகுப்புல எங்களுக்கு ஒரு படம் காட்டினாங்க. அதை இங்க எழுத மாட்டேன்.

டாக்டர் கிட்ட "பூச்சிக்கடி"ன்னு யாரையும் சொல்ல விடாதீங்க. "ஹைட்ராலிக் எண்ணெய் கைக்குள்ள போயிருக்கு, அழுத்தத்தோட போயிருக்கு"ன்னு சொல்லுங்க. இந்த வரியைக் காட்டுங்க. சில மணி நேரத்துக்குள்ள கையைத் திறந்து கழுவணும். சுடுதண்ணி வைக்கக் கூடாது. மூணு நாள் ஆச்சு. நான் கணக்குப் போடாம இருக்கத்தான் பாக்கறேன், முடியலை.

அடிவார ஆபீஸுக்குப் போன் பண்ணினேன். போனை எடுத்த கிளார்க், மழை, ரோடு சரிஞ்சிருக்கு, மேலே ஒயர்லெஸ் எடுக்கலைன்னாரு. மறுபடி பண்ணினேன். மூணாவது தடவை பண்ணினப்ப, "அம்மா, நான் இங்க ஒத்த ஆளு" அப்படீன்னுட்டு வச்சுட்டாரு. ஸ்டோர் மேனேஜர் கிட்ட ஓடினேன், ஒரு ஜீப் அனுப்புங்கன்னு. உங்க லெட்டரைப் படிச்சுட்டு, "அவரே அவசரம் இல்லைன்னு எழுதியிருக்காரேம்மா" அப்படீன்னாரு. அந்த வரி மேல விரலை வச்சுக் காட்டினாரு.

பாப்பாவைப் பக்கத்து வீட்ல விட்டுட்டு நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுல கிளம்பறேன். அடிவாரம் வரைக்கும் வந்துடுவேன், அதுக்கு மேல எப்படின்னு தெரியலை. லாரிக்காரர் இப்பவே கிளம்பறாரு, அதனால இதை எழுதிக் குடுக்கறேன். இது முந்துதா, நான் முந்தறேனான்னு பாக்கலாம்.

உங்க கிட்ட வேற ஒண்ணும் சொல்லணும். அதை நேர்ல சொல்றேன்.


ஆகஸ்ட் 1

பாப்பாவோட அப்பாவுக்கு,

நீங்க போனை எடுக்கறது இல்லை. எடுத்தாலும் நான் அழுவேன், நீங்க கத்துவீங்க. அதனால எழுதறேன். அண்ணன் வீட்டு விலாசத்தைப் பழைய கவர்ல இருந்து பாத்து எழுதினேன்.

அண்ணன் வீட்ல இருந்தா கைக்குப் பயிற்சி குடுக்கற இடம் பக்கம்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். அது உண்மையும்தான். ஆனா நீங்க ஏன் போனீங்கன்னு எனக்குத் தெரியும். உங்களை மலையில இருந்து தூக்கிக்கிட்டு வந்து சேர்த்த ஆஸ்பத்திரியில, மூணாவது ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்கு சூப்பர்வைசர் மெஷினோட சோதனைக் கார்டைக் கொண்டு வந்து காட்டினாரு. "ஹோஸ் – சரி"ன்னு எழுதி, கீழே என் கையெழுத்து. நீங்க என்னைப் பாத்து, "ஹோஸைப் பாத்தியா"ன்னு கேட்டீங்க. "பாத்தேன்"னு சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டீங்க. மறுபடி என் பக்கம் திரும்பவே இல்லை.

பாத்தேன்னு சொன்னது பொய் இல்லை. என்ன பாத்தேன்னு சொல்லலை. இப்பச் சொல்றேன்.

பம்புல இருந்து ரெண்டு அடி தூரத்துல மேல் ரப்பர் தேய்ஞ்சு, உள்ளே பின்னின கம்பி லேசாப் பளபளத்தது. அரிசி அளவு இடம். கம்பி தெரிஞ்சா ஹோஸைத் தூக்கிப் போடணும். அதுக்கு மேல யோசிக்க ஒண்ணும் இல்லை. சிவப்பு அட்டையை எடுத்துக் கட்டியும் விட்டேன். மேனேஜர் வந்தாரு. "ஸ்டோர்ல ஹோஸ் இல்லை, வர ரெண்டு வாரம் ஆகும், பெஞ்சுல இருபது லக் அடிச்சியே, தாங்குச்சுல்ல" அப்படீன்னாரு. தாங்குச்சு சார்னு சொன்னேன். "அப்புறம் என்ன" அப்படீன்னாரு. அப்பவும் அட்டையை அவிழ்க்கலை. மேஜையில உங்க ரெண்டாம் தேதி லெட்டர் இருந்தது. எல்லாரும் சிரிச்சாங்கன்னு எழுதியிருந்தீங்க. அதை இன்னொரு தடவை படிச்சேன். அட்டையை நானே அவிழ்த்தேன்.

இதுக்கு மேல எழுத வேண்டியதுதான் கஷ்டம். மெஷினோட அனுப்பின லெட்டர்ல பக்கம் பக்கமா எழுதினேன். பின்னு, பிளக்கு, டை, மழை. ஹோஸ்னு ஒரு வார்த்தை எழுதலை. மறந்து போய் இல்லைங்க. எழுதப் பேனாவை வச்சேன். எழுதினா, "தெரிஞ்சே ஏன் அனுப்பினே"ன்னு கேப்பீங்க. மெஷினைத் திருப்பி அனுப்புவீங்க, மறுபடி எல்லாரும் சிரிப்பாங்க. ரெண்டு வாரம்தானே, புது ஹோஸ் வந்ததும் அனுப்பிடலாம், உங்களுக்குத் தெரியவே வேண்டாம்னு நினைச்சேன். "ஹோஸைக் கையால தடவாதீங்க, சந்தேகம்னா ஒரு அட்டைத் துண்டைப் பிடிச்சுப் பாருங்க." இவ்வளவுதான். ஒரே ஒரு வரி.

ஒவ்வொரு நாளும் அந்த வரியை மனசுல எழுதிக்கிட்டே இருக்கேன்.

பாப்பாவுக்குப் பல் விழுந்துடுச்சு. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்பவே விழுந்துச்சு. சொல்ல மறந்துட்டேன்.


ஆகஸ்ட் 12

இடது கை எழுத்து. பொறுத்துக்கோ.

உன் லெட்டரை நாலு தடவை படிச்சேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. உள்ளங்கையில பாதி இல்லை. மிச்சம் இருக்கறது மடங்காது. சட்டைப் பட்டன் அண்ணன் போட்டு விடறாரு. நாப்பது வயசுல.

ஆஸ்பத்திரியில உன்னைக் கேட்டேன். அன்னிக்கே சொல்லியிருக்கலாம். "பாத்தேன்"னு ஒத்தை வார்த்தையில முடிச்சுட்டே. ஒண்ணரை மாசம் நான் என்ன நினைச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா? ஹோஸ் நல்லாத்தான் இருந்திருக்கு, நான்தான் கல்லுலயும் முள்ளுலயும் இழுத்துக் கெடுத்துட்டேன், அப்புறம் முட்டாள் மாதிரி விரலை வச்சேன்னு நினைச்சேன். அதை நினைச்சுக்கிட்டு ஒரு காரியமும் பண்ணிட்டேன். என்னன்னு இப்பச் சொல்ல மாட்டேன்.

என் மேல மட்டும் கோபப்பட்டுக்கிட்டு இருக்கக் கூட நீ என்னை விடலை. இப்ப உன் மேலயும் படணும்.

எழுத முடியலை. இதுக்கே ரெண்டு நாள் ஆச்சு.


ஆகஸ்ட் 20

பாப்பாவோட அப்பாவுக்கு,

நீங்க பண்ணின காரியம் என்னன்னு தெரிஞ்சுக்கிட்டேன்.

நேத்து விசாரணை. தலைமை ஆபீஸ்ல இருந்து ஒரு அதிகாரி வந்திருந்தாரு. கண்ணாடி போட்ட, சத்தமே இல்லாமப் பேசற மனுஷர். நான் எழுதிக் கொண்டு போயிருந்தேன். கம்பி தெரிஞ்சது, அட்டை கட்டினேன், அவிழ்த்தேன், கையெழுத்துப் போட்டேன், எல்லாத்தையும். வேலை போகும்னு தெரிஞ்சுதான் எழுதினேன். தப்பு உங்க பேர்ல போகக் கூடாதுன்னு ஒண்ணுதான் மனசுல இருந்தது.

அவரு பொறுமையா முழுசும் படிச்சாரு. அப்புறம் கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வச்சாரு. ஜூலை இருபத்தெட்டுன்னு தேதி. "ஹோஸ் நல்ல நிலையில் இருந்தது. விதியை மீறி, இயந்திரம் ஓடும்போது நானே கவனக்குறைவாகத் தொட்டேன்." டைப் அடிச்ச தாள். கீழே உங்க இடது கைப் பெருவிரல் ரேகை.

"அடிபட்டவரே இப்படிச் சொல்லிட்டாரும்மா. நீங்க மனைவி. நீங்க இப்ப மாத்திச் சொன்னா யாரு நம்புவாங்க" அப்படீன்னாரு. மேனேஜரை விசாரிங்க சார்னு சொன்னேன். விசாரிச்சாச்சு, அவருக்கு அட்டையைப் பத்தி எதுவும் தெரியாதாம்னு சொன்னாரு. மேனேஜர் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் எழுதினதை அந்த அதிகாரி நாலா மடிச்சு என் கையிலேயே குடுத்தாரு. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், வேலையை விட்டுடாதீங்க, இனிமே வீட்டுக்கு நீங்கதானே" அப்படீன்னாரு. அவரு கெட்டவர் இல்லைங்க. அதுதான் தாங்க முடியலை. கெட்டவரா இருந்திருந்தா நாலு வார்த்தை கேட்டிருப்பேன். வெளியே வந்து படிக்கட்டுல உக்காந்துக்கிட்டேன்.

நீங்க ஏன் அந்தத் தாள்ல ரேகை வச்சீங்க? ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். நானும் ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம். நாலு நாள், அஞ்சு நாள் வித்தியாசம்தான். உங்க தாள் இருபத்தெட்டு, என் லெட்டர் ஒண்ணாம் தேதி.

வேலை இருக்கு. அதே டூல் ரூம், அதே பெஞ்சு. புது ஹோஸ் பன்னிரண்டு வந்து ஆணியில தொங்குது. போன வாரம் வேற சைட்ல இருந்து ஒரு மெஷின் வந்துச்சு. தலையில மயிரிழை மாதிரி ஒரு விரிசல். சிவப்பு அட்டை கட்டினேன். மேனேஜர் வந்தாரு. கையெழுத்துப் போட முடியாதுன்னேன், சத்தமாவே சொன்னேன். அவரு திரும்பிப் போயிட்டாரு. சாயங்காலம் பாத்தா மெஷின் பெஞ்சுல இல்லை. அவரே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாரு. அட்டை மட்டும் குப்பைக் கூடையில கிடந்தது. தலைமை ஆபீஸுக்கு எழுதிப் போட்டிருக்கேன், பதில் இல்லை. அந்த மெஷின் எந்த ஊருக்குப் போச்சு, யாரு கையில இருக்குன்னு கூட எனக்குத் தெரியாது.

பாப்பா கேக்கறா, அப்பாவுக்கு விரல் பல்லு மாதிரி மறுபடி முளைக்குமான்னு. முளைக்காதுன்னு சொன்னேன். இனிமே எதையும் மறைக்கறதா இல்லை. அவ தன் பல் விழுந்த இடத்தைத் தொட்டுப் பாத்துட்டு, "அப்பாவுக்குத் தெரியுமா"ன்னு கேட்டா.

கோபமா இருங்க. ஆனா ஏன்னு மட்டும் எழுதுங்க.


ஆகஸ்ட் 29

ஏன்னு கேட்டே.

அன்னிக்கு ஆபீஸ்ல இருந்து ஒரு ஆள் தாளோட வந்தான். அண்ணன் வேலைக்குப் போயிருந்தாரு. அவன் நல்லாத்தான் பேசினான். "ஹோஸ் கெட்டிருந்ததுன்னு நீங்க சொன்னா, கார்டுல கையெழுத்துப் போட்டவங்களைத்தான் முதல்ல கேப்போம்" அப்படீன்னான். கையெழுத்துப் போட்டது நீ. நீ ஹோஸைச் சரியாத்தான் பாத்திருப்பேன்னு நான் நம்பினேன். உன் வேலையில ஒரு நாளும் குறை வச்சது இல்லையே. அப்ப ஹோஸ் நல்லா இருந்துச்சுன்னு எழுதறதுல என்ன பொய்? என் கை போயாச்சு, உன் வேலையாவது நிக்கட்டும்னு நினைச்சேன். படிச்சுப் பாக்க அவன் நேரம் குடுத்தான். நான்தான் வேண்டாம்னேன். ரேகை வச்சப்புறம் அந்த மையை நானே துடைச்சுக்க முடியலை. அவன் துடைச்சு விட்டுட்டுப் போனான்.

நாலு நாள் கழிச்சு நீ உன் லெட்டரை எழுதியிருக்கே.

உன் மேல பழி வரக் கூடாதுன்னு நான், என் மேல பழி வரக் கூடாதுன்னு நீ. ரெண்டு பேரும் ஓடினதுல மேனேஜர் ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. அண்ணன் ஒரு வக்கீலைக் கேட்டாரு. ரேகை வச்ச தாள் இருக்கற வரைக்கும் கஷ்டம்னு சொல்லிட்டாராம். இன்னொரு வக்கீலைப் பாக்கலாம்னு அண்ணன் சொல்றாரு. பாப்போம். எனக்குப் பெருசா நம்பிக்கை இல்லை.

நானும் ஒண்ணு சொல்லணும். நீ அந்த வரியை எழுதியிருந்தா நான் தொட்டிருக்க மாட்டேனான்னு படுத்துக்கிட்டே யோசிச்சுப் பாத்தேன். எழுதியிருந்தா மெஷினைத் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன்னு சொல்ல ஆசை. தெரியலை. அன்னிக்கு இருபத்தாறு லக் அடிக்கற வெறியில இருந்தேன். உன் பேச்சைக் கேக்கறவனா இருந்திருந்தா ரெண்டாம் தேதி அந்த லெட்டரையே எழுதியிருக்க மாட்டேன். அவங்க சிரிச்சதை நான் உனக்கு எழுதியிருக்கவே கூடாது. அது என்ன பெரிய விஷயம், சிரிச்சுட்டுப் போறாங்க.

கோபம் போயிடுச்சான்னு கேக்காதே. போகலை. காலையில சட்டையை எடுக்கும்போதெல்லாம் வருது. ஆனா இங்க உக்காந்து கோபப்பட்டா அண்ணி பயந்து போய்த் தட்டை வச்சுட்டு உள்ளே போயிடறாங்க. பாவம், அவங்க என்ன பண்ணினாங்க. அங்கே வந்தா நேரா உன் மேலயே படலாம். நீயும் திருப்பிக் கத்துவே.

ஞாயித்துக்கிழமை பஸ்ல வர்றேன். பஸ் ஸ்டாண்டுக்கு வராதே, நான் வந்துக்குவேன். பையை இடது தோள்ல மாட்டிக்கப் பழகிட்டேன். பாப்பா கையைப் பாத்தாப் பாக்கட்டும், தடுக்காதே. தொட்டுப் பாக்கணும்னாலும் பாக்கட்டும். அந்த இடத்துல உணர்ச்சி இல்லை, வலிக்காது.

அந்த விரிசல் விட்ட மெஷின் எந்த சைட்டுக்குப் போச்சுன்னு லாரிக்காரர் கிட்ட விசாரிச்சு வை. அவருக்குத் தெரியாம எந்தப் பெட்டியும் போகாது. தெரிஞ்சா அங்க இருக்கறவங்களுக்கு நானே எழுதறேன். என் பேச்சைக் கேப்பாங்களான்னு தெரியாது. என் எழுத்தைப் பாத்தாவது கொஞ்சம் யோசிப்பாங்க.

இதை எழுத அஞ்சு நாள் ஆச்சு. இதுக்குப் பதில் எழுதாதே. நீ எழுதறது இங்கே வந்து சேர்றதுக்குள்ள நான் அங்கே இருப்பேன்.